ரங்கூன் நாவலுக்கு உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே. யாங்கோனிலிருந்து (அந்தக் கால ரங்கூன்) எழுதுகிறேன். 1941 டிசம்பர் 23, ரங்கூனில் ஜப்பானியர் குண்டு போட்ட நாளில் என் நாவல் தொடங்குகிறது. முகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கி, அதாவது செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் நடத்திய கட்டடம். கணக்குப்பிள்ளை செத்துக் கிடக்கிறார். எல்லாரும் குண்டுதான் காரணம் என்கிறார்கள், நடந்ததோ கொலை.

துப்பறியும் பகுதி நன்றாகவே வருகிறது. அப்புறம் எல்லாரும் உயிர் தப்ப, பர்மா எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடக்கிறார்கள். வழியெல்லாம் காலராவில் சனம் சாகும்போது, ஒருவரைக் கொன்றது யார் என்ற கேள்வியை வாசகர் மனதில் எப்படித் தக்கவைப்பது? அந்த நடைப்பயணப் பகுதியைச் சுருக்க எனக்கு மனமே வரவில்லை. நம் சனம் பட்ட பாடு அது.

இன்னொன்று, கிட்டங்கிப் பேரேடுகளைக் கையோடு தூக்கிப் போனார்களா, விட்டுவிட்டார்களா? துப்பைப் பேரேட்டில்தான் வைத்திருக்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் சொன்ன விவரம் எதுவானாலும் எழுதுங்கள்.