புதுப்பிப்பு: ஆர்டிஐ இரண்டாம் மேல்முறையீட்டில் நகல் கிடைத்தது

புலப்பட (நிலத்தின் அளவு வரைபடம்) நகல் கேட்ட ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவுக்கும் பதில் இல்லை, முதல் மேல்முறையீட்டுக்கும் பதில் இல்லை, அடுத்து என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடாக மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகச் சொன்ன யோசனைதான். முதல் மேல்முறையீட்டு முடிவு வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து அந்த 90 நாள் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், விசாரணை நோட்டீஸ் போனதுமே நகல் தபாலில் வந்துவிட்டது, அதுவும் இலவசமாக (பதில் தரும் கெடு தாண்டினால் கட்டணம் கேட்க முடியாது, அந்தச் சட்டத்தின் 7(6) பிரிவு). இருந்தாலும் விசாரணைக்குப் போனேன். வக்கீல் தேவைப்படவில்லை. 19(5) பிரிவைச் சொன்னவர் வாழ்க: மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு, மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருடையது. கேள்வியெல்லாம் அவரிடம்தான்.

தாமதத்துக்கு ஆணையத்தில் அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு விதிக்கக்கூடிய அபராதம் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000; அந்தப் பணம் நமக்கு வராது. இழப்பீடு வேண்டுமென்றால் 19(8)(ஆ) பிரிவில் தனியாகக் கேளுங்கள்.