பச்சிளம் குழந்தைகள் பிரிவில் க்ளெப்சியெல்லா: மூலம் ஒன்றுதானா?

வணக்கம். மூலக்கூறு வகைப்பாட்டில் (கிருமிகளை டிஎன்ஏ வழியாக வகை பிரிப்பதில்) அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்.

எங்கள் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில குழந்தைகளின் ரத்தத்தில் க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்தது. கை கழுவும் தொட்டியின் வடிகாலிலும் அதே கிருமி. ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான். அதை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. எதிர்ப்பு மரபணுக்கள் பிளாஸ்மிட் (பாக்டீரியாக்களிடையே கைமாறும் சிறு டிஎன்ஏ வளையம்) வழியாக வேறு வகைக்கும் தாவிவிடுமே.

பிஎஃப்ஜிஇ (டிஎன்ஏவை வெட்டி, துண்டுகளை அளவுவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் சோதனை) செய்தோம். குழந்தைகளின் கிருமிகள் பட்டைக்குப் பட்டை ஒத்துப்போகின்றன. தொட்டியினுடையது மட்டும் 3 பட்டைகள் மாறுகிறது. 1995-இல் வெளியான டெனோவர் அளவுகோலின்படி 2–3 பட்டை வித்தியாசம் என்றால் நெருங்கிய உறவு. ஒரே ஒரு மரபணு மாற்றமே அதற்குப் போதும். 7 மரபணுக்களை ஒப்பிடும் எம்எல்எஸ்டியிலும் ஒரே வகைதான் வந்தது. ஆனால் அது எங்கும் பரவலாகக் காணப்படும் வகை என்பதால், பெரிய சாட்சியம் இல்லை.

முழு மரபணுத்தொகுதி வரிசையாக்கத்துக்கு அனுப்பலாமென்று இருக்கிறோம். எத்தனை எஸ்என்பி (டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறுவது) வித்தியாசம் வரை ஒரே பரவல் என்று எடுத்துக்கொள்கிறீர்கள்? வடிகால் மாதிரியில் ஒரு காலனி (வளர்ப்புத் தட்டில் ஒரே கிருமியிலிருந்து பெருகிய திட்டு) போதுமா, பல காலனிகள் வேண்டுமா? கிருமி தொட்டியிலிருந்து குழந்தைக்குப் போனதா, குழந்தையிடமிருந்து தொட்டிக்கு வந்ததா என்பதை இதில் பிரித்தறிய முடியுமா?

(தொட்டியை ஏற்கெனவே மூடிவிட்டோம். அதற்கு முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.)