பேஸ் கிட்டாரில் உருண்டையான ஒலி: கம்பியா, ஆம்ப்ளிஃபயரா?

கேள்வி:
1960களில் டெட்ராய்ட் நகரின் மோடவுன் இசை நிறுவனம் செய்த பதிவுகளில் கேட்கும் தடித்த, உருண்டையான பேஸ் ஒலியை விரும்புகிறேன். என்னிடம் ரவுண்ட்வுண்ட் (உருண்டை இழை சுற்றிய) கம்பிகள் கட்டிய நான்கு கம்பி பேஸும், 30 வாட் பயிற்சி ஆம்ப்ளிஃபயரும் உள்ளன. முதலில் எதை மாற்றுவது?

மறுமொழி 1:
கம்பியைத்தான். அப்பதிவுகள் பலவற்றில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் தடித்த லா பெல்லா ஃபிளாட்வுண்ட் கம்பிகளைக் கட்டி, அறுந்தால் ஒழிய அவற்றை மாற்றாமல், வலக்கை ஆள்காட்டி விரலால் மட்டுமே மீட்டியவர். தட்டையான உலோக நாடா சுற்றிய இந்த ஃபிளாட்வுண்ட் கம்பியில் விரல் உரசும் கீச்சொலி குறைவதோடு, மேல் அதிர்வெண்களும் அடங்கி அடிப்படைச் சுரம் முன்னே வருகிறது. பிரிட்ஜ் (உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) அருகே கம்பிகளுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகிப் பாருங்கள். கம்பியின் அதிர்வை அடக்கச் செலவே இல்லாத வழி அது. ஃபிளாட்வுண்ட் கம்பிகளின் இழுவிசை பொதுவாக அதிகம் என்பதால், மாற்றியபின் கழுத்தின் வளைவைச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

மறுமொழி 2:
உடன்படுகிறேன். மோடவுன் ஸ்டுடியோவில் பேஸ் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் நேரடியாகவே பதிவுக் கருவிக்குச் சென்றது. ஆனால் டிரம்ஸுடன் மேடையேறுவதானால் 30 வாட் போதாது. நான்கில் மிகத் தடித்த கம்பியின் திறந்த (விரல் அழுத்தாத) சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், சிறிய ஸ்பீக்கர் அதைத் தெளிவாகத் தராது. வாட்டை இரட்டித்தாலும் ஒலி 3 டெசிபெல், அதாவது சிறிதளவுதான் கூடும் என்பதால், 300 வாட் அளவில் தேடுங்கள். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டிகளை இணையாக இணைத்தால் மொத்த மின்தடை 4 ஓம் ஆகும். ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. இன்று ஸ்பாஞ்சிலிருந்து தொடங்குகிறேன்.