தெருக்கூத்து நேரலை: பதிவாகப் போட்டால் ஏன் சப்பென்று ஆகிறது?

பண்ருட்டிக்காரன்:
திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தை நேரலை விட்டால் விடிய விடியப் பார்க்கிறார்கள். அதே வீடியோவை மறுநாள் யாரும் சீண்டுவதில்லை. பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு என்ன மாற்றலாம்?

மேடைஒலி:
முதலில் கூட்டத்தின் சத்தம். மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரிலிருந்து நேரடி ஒலி மட்டும் போனால் கட்டியங்காரன் (கூத்தின் கோமாளி, கதையை நடத்துபவன்) காலி மைதானத்தில் நக்கலடிப்பது போலிருக்கும். சனங்களைப் பார்த்து ஒரு மைக் வையுங்கள். மேடை ஒலியைவிட 10–12 டெசிபல் குறைவாக. மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி வைத்தால் ஒலி வந்துசேர சுமார் 29 மில்லிசெகண்ட் ஆகும். மேடை ஒலியை அதே அளவு தாமதிக்காவிட்டால் மிருதங்கம் இரட்டையாகக் கேட்கும்.

வில்லியனூர்வாசி:
யூடியூபில் டிவிஆரை (நேரலையைப் பின்னால் தள்ளிப் பார்க்கும் வசதி) அணைத்துவிடுங்கள் அண்ணா. பின்னால் தள்ளிப் பார்க்க முடிந்தால் நேரலை என்ற பரபரப்பே போய்விடும். கிராமத்து 4ஜிக்கு 720பி, 3 எம்பிபிஎஸ் போதும். அப்லோடு வேகம் அதைப்போல் இருமடங்கு வேண்டும். அல்ட்ரா லோ லேட்டன்சி (தாமதத்தை மிகவும் குறைக்கும் அமைப்பு) வேண்டாம், சிக்னல் தடுமாறினால் படம் நின்று நின்று வரும். கமெண்டை வாசித்துக் கட்டியங்காரனிடம் சொல்ல ஓர் ஆள் போடுங்கள். பதில் சில விநாடி பிந்தும், பரவாயில்லை.

கெடிலக்கரை:
ஒலி மட்டுமே காரணமில்லை. பாரதப் போரின் கடைசி நாளைச் சொல்லும் பதினெட்டாம் போர்க் கூத்து முடிந்து விடியற்காலையில் மண்ணால் செய்த துரியோதனன் கிடக்கும் படுகளத்துக்கு ஊரே நகர்கிறது. அங்கே போகாமல் கேமராவை மூட்டை கட்டினால் பார்ப்பவருக்குப் பாதிக் கதைதான். முகத்தை மட்டும் நெருக்கிக் காட்டாதீர்கள். திரை பிடித்து வேஷம் நுழையும்போது முன்வரிசைத் தலைகளும் தெரியட்டும். பதிவை முழு இரவாக ஏற்றாமல் வேஷம் வேஷமாக வெட்டி, பிரீமியராக (குறித்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாகப் பார்க்கும்படி) விடுங்கள்.