ஏரியில் படித்த மிதவைப் பாடம் திருகோணமலையில் செல்லவில்லை

ரொறன்ரோச் சுழியோடி:

எல்லோருக்கும் வணக்கம். பிறந்தது உப்புவெளி, ஒன்பது வயதில் கனடா போனவன். பன்னிரண்டு வருஷமாக ஒன்ராறியோ ஏரிகளில் சுழியோடுகிறேன். இரண்டு வாரமாக ஊரில் நிற்கிறேன். மச்சானின் பைபர் படகில் மூன்று தடவை கடலுக்குப் போய், மூன்று தடவையும் மிதவை பார்த்து முழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் ஏரிகளில் விஷயம் லேசு. வெள்ளை மிதவையில் செம்மஞ்சள் சாய்சதுரம் இருந்தால் பாறையோ மேடோ ஏதோ ஆபத்து. சாய்சதுரத்துக்குள் பெருக்கல் குறி மாதிரிக் கோடு இருந்தால் உள்ளே போகவே கூடாது. செம்மஞ்சள் வட்டம் என்றால் வேகக் கட்டுப்பாடு போல ஒன்று. வெள்ளை மிதவையின் மேற்பகுதி செம்மஞ்சளாக இருந்தால் படகு கட்ட. மூழ்கிய மரக்கப்பல் உள்ள இடத்தில் அப்படி ஒன்று கிடந்தால் படகைக் கட்டிவிட்டு அந்தக் கயிற்றைப் பிடித்தே இறங்குவோம். கயிறு நேரே கப்பலில் கொண்டுபோய் விடும்.

இங்கே போன செவ்வாய் நிலாவெளிக்கு வெளியே ஒரு வெள்ளை எண்ணெய்க் கேன் மிதந்தது. பக்கத்தில் மூங்கில் தடியில் ஒரு துணி. யாரோ சுழியோடிகள்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் படகைக் கட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் கயிற்றோடு இறங்கினேன். பதினொரு மீட்டரில் வலது காலை யாரோ பிடித்த மாதிரி இருந்தது. திரும்பினேன். பிடரிக்குப் பின்னால் சிலிண்டர் வால்வும் எதிலோ மாட்டிக்கொண்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையுறையைக் கழற்றித் தடவியபோதுதான் விரலில் நூல் வெட்டியது. ஒற்றை நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலை. கத்தி எடுத்து ஒவ்வொரு இழையாக அறுத்து மேலே வர ஏழு நிமிஷம். மேலே வலைக்காரர் காத்திருந்தார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது கேள்வி. துறைமுக வாயில் பக்கம் போகும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம் வருகிறது. நான் படித்தது உள்ளே வரும்போது சிவப்பு வலப்பக்கம். யார் பிழை?

மூன்றாவது, அடுத்த கிழமை மச்சான் கந்தளாய்க் குளத்தில் இறங்கிப் பார்ப்போம் என்கிறான். ஏரி என்றால் எனக்குக் கை வந்த கலை. அங்கே மிதவைகள் எப்படி?

கொட்டியாரத்தான்:

தம்பி, இரண்டு பேரும் பிழையில்லை. உலகத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1980இல் பல நாட்டுக்காரர்களும் கூடிப் பேசினார்கள், ஒரே முறைக்கு வர முடியவில்லை, ஆளுக்கொரு நிறம் என்று முடித்தார்கள். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் எல்லாம் 'பி' பிரதேசம். அங்கே கடலிலிருந்து துறைக்குள் வரும்போது சிவப்பு வலம். இலங்கை, இந்தியா உட்பட மற்ற எல்லாம் 'ஏ' பிரதேசம், சிவப்பு இடப்பக்கம். நிறம் மட்டும்தான் மாறும், வடிவம் மாறாது. இடப்பக்கம் நிற்பது டின் மாதிரித் தட்டையான தலை, வலப்பக்கம் கூம்பு. வெயில் எதிரே அடிக்கும்போது நிறம் தெரியாது, நிழலாகத்தான் தெரியும். அப்போது வடிவத்தைப் பார்.

இருபது வருஷம் துறைமுக இழுவைப் படகில் நின்றவன் சொல்கிறேன், சுழியோடுகிறவன் தெரிந்திருக்க வேண்டியது சிவப்பு பச்சை அல்ல. கறுப்பில் சிவப்புப் பட்டை, உச்சியில் இரண்டு கறுப்புப் பந்து இருந்தால், அந்த மிதவைக்கு நேர் கீழேயே ஆபத்து, சுற்றிவர நல்ல தண்ணீர். கறுப்பும் மஞ்சளும் என்றால் அது திசைக் குறி. வடக்குக் குறிக்கு வடக்கால் போக வேண்டும், தெற்குக் குறிக்குத் தெற்கால். உச்சியில் இருக்கும் இரண்டு கூம்பும் கறுப்பு உள்ள பக்கத்தைக் காட்டும். மேலே கறுப்பு என்றால் இரண்டும் மேலே பார்க்கும், அது வடக்கு. கீழே கறுப்பு என்றால் இரண்டும் கீழே, அது தெற்கு. இரவில் மணிக்கூட்டை நினைத்துக்கொள். கிழக்கு 3 மினுக்கல், தெற்கு 6, மேற்கு 9. வடக்கு நிற்காமல் மினுக்கும். முழு மஞ்சள், தலையில் பெருக்கல் குறி என்றால் குழாய், கேபிள், பயிற்சி இடம் என்று ஏதோ விசேஷம். நீலமும் மஞ்சளும் நெடுக்குக் கோடாக இருந்தால் அண்மையில் மூழ்கிய கப்பல். உங்களுக்கெல்லாம் கை துறுதுறுக்கும். கிட்டப் போகாதே.

பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டும் அலையாதே. 1942 ஏப்ரல் 9 குண்டுவீச்சில் எரிந்த சகாயிங் கப்பலைத் துறைமுகத்துக்குள் தேடிக்கொண்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். 2018இலேயே கடற்படை அதைக் கிளப்பி எடுத்தாகிவிட்டது. 1944 ஆகஸ்ட் 8ஆம் தேதி வேலியண்ட் போர்க்கப்பலை ஏற்றியபடியே உடைந்து தாழ்ந்த, கப்பல் பழுதுபார்க்கும் மிதக்கும் தளத்தைப் பற்றியும் யாராவது உனக்குச் சொல்லுவார்கள். துறைமுக எல்லைக்குள் கேட்காமல் இறங்க வேண்டாம், அவ்வளவுதான். மழைக்குப் பிறகு கொட்டியாரக் குடாவில் வேகமாக ஓடவும் வேண்டாம். மகாவலி அங்கேதான் விழுகிறது. தண்ணீரில் முக்கால்வாசி தாழ்ந்து வரும் மரக்கட்டைக்கு யாரும் மிதவை கட்டி விடுவதில்லை.

நிலாவெளி நண்டு:

கொட்டியாரத்தான் ஐயா சொன்னது அரசாங்க மிதவை. அண்ணா மாட்டியது எங்கள் மிதப்பில். அதற்குப் புத்தகம் கிடையாது.

கேன், ரெஜிபோம் துண்டு, கோலாப் போத்தல், எது கிடைக்கிறதோ அதைத்தான் கட்டுவோம். கொடித் துணி ஆளுக்கு ஆள் வேறு, தன் வலையைத் தானே தேடிப் பிடிக்க வேண்டுமே. எங்கள் வீட்டுக் கொடி அப்பாவின் பழைய சாரம், பச்சைக் கட்டம். கொடி ஒன்று கண்டால் உடனே அடுத்ததைத் தேடுங்கள். வலைக்கு இரண்டு முனை. இடையில் சின்ன மிதப்புகள் வரிசையாகத் தெரிந்தால் வலை மேலே கிடக்கிறது, என்ஜினுக்கு ஆபத்து. இடையில் ஒன்றுமே தெரியாமல் கடல் வெறுமையாக இருந்தால் வலை அடியில் கிடக்கிறது. படகு போகலாம், நீங்கள் இறங்கக் கூடாது. தங்கூசிக்கு இங்கே தடை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கடலுக்கடியில் போய்ச் சட்டம் பேச முடியாது.

கரை ஓரத்தில் மடிக்கு, அதாவது மீன் சேரும் வலைப் பைக்கு, மேல் பெரிய மிதப்பு ஒன்று, கரையில் இரண்டு கூட்டமாக ஆட்கள் கயிறு இழுக்கிறார்கள் என்றால் அது கரைவலை. அந்த வளைவுக்குள் படகை விட்டால் கயிறும் போகும், உங்கள் மரியாதையும் போகும்.

இன்னொன்று. கனடாவில் மிதவையில் குத்தி வைக்கும் அந்தச் சிவப்புக் கொடி, வெள்ளைச் சாய்கோடு, அதை இங்கே யாரும் சுழியோடி என்று பார்க்க மாட்டார்கள். இன்னொருவன் வலைக்கொடி என்றுதான் நினைப்பார்கள். சர்வதேச விதிப்படி படகில் நீலமும் வெள்ளையுமான 'ஏ' கொடி வேண்டும், துணியாக இல்லாமல் விறைப்பான பலகையாக, குறைந்தது ஒரு மீட்டர் உயரம். அதையும் எல்லோரும் அறிவார்கள் என்று சொல்ல மாட்டேன். படகில் ஓர் ஆளை விட்டுவிட்டு இறங்குங்கள். கிட்ட வருகிறவனுக்குக் கையைக் காட்டிக் கத்தத் தெரிந்த ஆளாக இருக்கட்டும்.

கந்தளாய்க்காரி:

குளத்தில் மிதவை எப்படி என்று கேட்டீர்கள். இல்லை. நீங்கள் நினைக்கும் சாய்சதுரம், வட்டம் ஒன்றும் இல்லை.

குளத்தடியில் பட்ட மரங்கள் நிற்கின்றன. தண்ணீர் வற்றும் மாதங்களில் கொம்பு கொம்பாக வெளியே தெரியும், நிறைந்திருக்கும்போது ஒரு முழம் ஆழத்தில் ஒளிந்து நிற்கும். கொக்கோ நீர்க்காகமோ நடுக்குளத்தில் 'தண்ணீர் மேல்' நிற்பது போலத் தெரிந்தால் அதன் காலடியில் கட்டை. எங்கள் ஊர் மிதவை அதுதான். வலையும் உண்டு, முதலையும் உண்டு.

எல்லாவற்றையும் விட ஆபத்து துருசு, தண்ணீர் திறந்துவிடும் மதகு. வயலுக்குத் தண்ணீர் விடும் காலத்தில் அணைக்கட்டுப் பக்கம் மேலே சலனமே இருக்காது, அடியில் தண்ணீர் வாய்க்குள் போகிறது. அகப்பட்ட ஆளை நீரின் பாரமே வாயோடு அமுக்கிப் பிடித்துவிடும், மேலிருந்து நாலு பேர் இழுத்தாலும் வராது. அந்தக் குளத்துத் தண்ணீரின் பலம் எங்களுக்குத் தெரியும். 1986 ஏப்ரல் 20 அணை உடைந்தபோது அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாராம். மச்சானிடம் சொல்லுங்கள், கந்தளாய்க்கு வந்தால் தயிர் வாங்கிக்கொண்டு போகட்டும்.

ரொறன்ரோச் சுழியோடி:

எல்லோருக்கும் நன்றி. குளத் திட்டம் கைவிடப்பட்டது. மச்சானுக்குக் கொஞ்சம் கோபம், தயிர் என்றதும் தணிந்துவிட்டது.

நேற்று வலைக்காரரைத் தேடிப் போனேன். வலை பொத்தக் காசு நீட்டினேன். பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். அப்புறம் வாடிக் குடிசைக்குள் போய் ஒரு பொருளைக் கொண்டுவந்து, "இது யாருடையது தெரியுமா, வலை அறுந்து மிதக்கிறது என்று நினைத்து எடுத்துவந்தேன்" என்றார். ஞாயிறு புறாமலைப் பக்கம் காணாமல் போன என் சிவப்புக் கொடி மிதவை. கொடித் துணியை ஏற்கெனவே கழற்றித் தன் வலைத் தடியில் கட்டிவிட்டாராம். அதை நான் திருப்பிக் கேட்கவில்லை.