கமலா ஆரஞ்சு பச்சையாகவே நிற்கிறது, உள்ளே சக்கை: வெயிலா, சத்துக் குறையா, நோயா?

வத்தலக்குண்டுத் தோட்டம் (கேள்வி)

வணக்கம். வத்தலக்குண்டு பக்கம் கிணற்றுப் பாசனத்தில், தென்னந்தோப்பை ஒட்டிக் கால் ஏக்கரில் கமலா ஆரஞ்சு வைத்திருக்கிறேன். காய்ப்புக்கு வந்த மரங்கள். பண்ணைக்காட்டில் காப்பிக்கு நடுவே என் மச்சான் வைத்திருப்பதும் இதே நாற்றங்காலில் வாங்கிய ஒட்டுக்கன்றுகள்தான். அவர் பழம் நல்ல ஆரஞ்சு நிறம், புளிப்பும் இனிப்புமாக நாக்கில் நிற்கிறது.

என் பழத்தின் தோலோ பச்சை. சிலவற்றில் வெளிறிய மஞ்சள் திட்டு, அவ்வளவுதான். ஆனியில் பூத்தது. நிறம் ஏறட்டும் என்று ஏப்ரல் கடைசி வரை மரத்திலேயே விட்டிருந்தேன். இப்போது தோல் சுளையை விட்டு விலகி உப்பிக்கொண்டு நிற்கிறது. காம்புப் பக்கம் சுளை வெளுத்து, சாறே இல்லாமல் சக்கையாகக் கிடக்கிறது. இனிப்பு இருக்கிறது, ஆனால் சப்பென்று இருக்கிறது. மேற்கு வெயில் படும் பழங்களில் ஒரு பக்கம் பழுப்பாகத் தீய்ந்திருக்கிறது. மண்டியில் "இதெல்லாம் காய்" என்று ஓரம் கட்டிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பசுமைக்கரம்

பொட்டாஷ் கூடுதலாகப் போடுங்கள் ஐயா. சாம்பல் சத்து இல்லாமல்தான் நிறம் வருவதில்லை. எங்கள் வாழைக்கு அருமையாக வேலை செய்தது.

தோட்டக்கலை மாணவி

வாழைக்குச் சரி, ஆரஞ்சுக்கு இது எதிர்மாறாகப் போகலாம். சாம்பல் சத்து அளவுக்கு மீறினால் பழம் பெருக்கும், தோல் தடிக்கும், நிறம் இன்னும் தாமதமாகும். மண் பரிசோதனையில் குறை தெரிந்தால் போடுங்கள். நிறத்துக்காகப் போட வேண்டாம்.

ஐயா, உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஒரே நாற்றங்கால் கன்று. பண்ணைக்காட்டில் நிறம் வருகிறது, அடிவாரத்தில் வரவில்லை. வத்தலக்குண்டிலிருந்து பண்ணைக்காட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஆயிரம் மீட்டருக்குப் பொதுவாக ஆறு டிகிரி குறையும். நிறத்தைத் தீர்மானிப்பது அந்த ஆறு டிகிரிதான், அதிலும் முக்கியமாக இரவில்.

ஆரஞ்சுத் தோலும் சுளையும் வெவ்வேறு கணக்கில் முதிர்பவை. தோலில் உள்ள பச்சையம் சிதைந்து, மஞ்சள், ஆரஞ்சு நிறம் தரும் கரோட்டினாய்டு நிறமிகள் மேலோங்குவதற்கு இரவு வெப்பம் 13 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். உங்கள் ஊரில் மார்கழியில்கூட அந்தக் குளிர் வருவதில்லை. சுளைக்கு அந்தக் குளிர் தேவையில்லை. வெப்பம் கூடக்கூட அது வேகமாக முதிரும். கொலம்பியாவின் சூடான தாழ்நிலங்களில் வாலென்சியா ஆரஞ்சு பூத்த ஏழு மாதத்தில் தயாராகிவிடுகிறது. அதே ரகம் கலிஃபோர்னியாவின் குளிர்ந்த கரையோரத்தில் ஓராண்டையும் தாண்டி மரத்தில் நிற்கும்.

ஆகவே உங்கள் பழம் காய் இல்லை. தோல் பச்சையாக இருந்தபோதே, பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ, உள்ளே பழுத்திருக்க வேண்டும். அதன்பிறகு நீங்கள் காத்திருந்த ஒவ்வொரு வாரமும் நட்டம். வெயில் ஏறினால் சுளையில் உள்ள சிட்ரிக் அமிலம் விரைவாகச் செலவாகிறது. சர்க்கரை அப்படியே இருந்தாலும் புளிப்புத் துணை இல்லாமல் சப்பென்று ஆகிறது. தோல் உப்பிச் சுளையை விட்டு விலகுவதும் முதிர்ச்சி கடந்ததன் அடையாளம். ஜப்பானில் இலையுதிர்காலம் சூடாகிக்கொண்டே வருவதால் அங்குள்ள சத்சுமா ஆரஞ்சு விவசாயிகளும் இதே குறையால் அவதிப்படுகிறார்கள். காம்புப் பக்கம் சக்கையாவது தாமதமாகப் பறிக்கும் பெரிய பழங்களிலும், இளமரங்களின் பழங்களிலும் அதிகம்.

வத்தலக்குண்டுத் தோட்டம்

இரவுக் குளிர்தான் காரணம் என்கிறீர்கள். அப்படியானால் சாத்துக்குடி?

தோட்டக்கலை மாணவி

அதுவும் இதே கதைதான். நம் கடைகளில் பச்சையும் மஞ்சளுமாகக் குவிந்திருக்கும் சாத்துக்குடியை யாரும் காய் என்று ஒதுக்குவதில்லை, கண் பழகிவிட்டது. கமலாவிடம் மட்டும் எல்லோரும் நிறத்தை எதிர்பார்க்கிறார்கள்.

எல்லா நிறமும் குளிரைக் கேட்பதாகவும் எண்ண வேண்டாம். சிசிலியில் எட்னா எரிமலையைச் சுற்றி விளையும் இரத்த ஆரஞ்சின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. இரவு குளிர்ந்தால்தான் அது ஏறும். ஆனால் டெக்சாஸின் சிவப்பு கிரேப்ஃபுரூட்டில் இருப்பது லைக்கோப்பீன். தக்காளியின் சிவப்பும் அதுவே. கிரேப்ஃபுரூட்டுக்கு வெப்பம்தான் பிடிக்கும்.

மலைத்தோட்டம்

வெயில் விளக்கம் சரி. ஆனால் நோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விட வேண்டாம். கிரீனிங் என்ற பாக்டீரியா நோய் வந்த மரத்திலும் பழம் பச்சையாக நிற்கும். பழத்தை நடுவில் வெட்டிப் பாருங்கள். நோய்ப்பழம் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும், விதைகள் கறுத்துச் சுருங்கியிருக்கும். காம்புப் பக்கம் முதலில் நிறம் ஏறி, அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும்; நல்ல பழத்தில் இது தலைகீழ். இலையையும் பாருங்கள். மஞ்சள் திட்டு நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் துத்தநாகக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி என்றால் கவலைப்பட வேண்டும். அப்படியானால் இலையை எடுத்துக்கொண்டு தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துக்கோ பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கோ போங்கள். இரண்டும் உங்களுக்குப் பக்கம்தான்.

வத்தலக்குண்டுத் தோட்டம்

பார்த்துவிட்டேன். பழம் கோணல் இல்லை, விதை தடித்து நன்றாக இருக்கிறது. இளம் இலைகளில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள், இரு பக்கமும் ஒரே மாதிரி.

மலைத்தோட்டம்

துத்தநாகம்தான் போலத் தெரிகிறது. துளிர் விடும்போது இலைவழியாகக் கொடுங்கள்.

பழமண்டி

வியாபாரியாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சுவை எனக்கும் தெரியும், வாங்க வருகிறவர் கண்ணால்தான் வாங்குவார். நாக்பூர் பழம் வந்து இறங்கும் மாதத்தில் பச்சைக் கமலாவை யார் தொடுவார்கள்? பழுக்க வைக்கும் அறையில் எத்திலீன் காட்டினால் நிறம் வரும் என்கிறார்கள். கல் வைத்தாலும் வரும்.

தோட்டக்கலை மாணவி

கல் வேண்டவே வேண்டாம். கால்சியம் கார்பைடால் பழுக்க வைப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது, தொழிலாளிகளுக்கும் கெடுதல். எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) வரை அனுமதி உண்டு. ஆரஞ்சுக்கு அவ்வளவும் தேவையில்லை. ஃபுளோரிடாவில் ஐந்து பிபிஎம் அளவிலேயே, 28, 29 டிகிரியில், ஈரப்பதம் நிறைந்த அறையில் வைத்துப் பச்சை நீக்குகிறார்கள்.

ஆனால் இரண்டு விஷயம். அந்த வெப்பத்தில் பச்சையம் போகும், ஆரஞ்சு நிறமி அதிகம் உருவாகாது. எலுமிச்சை மஞ்சளில் நின்றுவிடலாம். அடுத்தது, மாம்பழம் வாழைப்பழம் போலப் பறித்தபின் பழுக்கும் இனம் இல்லை ஆரஞ்சு. இனிப்பாக மாறுவதற்கு மாவுச்சத்துச் சேமிப்பு அதில் இல்லை. உள்ளே புளித்த காயைப் பறித்து நிறம் ஏற்றினால் நிறமுள்ள புளிக்காய்தான் கிடைக்கும்.

பழமண்டி

அதையும் பார்த்திருக்கிறேன். அப்படி வாங்கிப் போனவர் மறுமுறை வருவதில்லை.

முதிய விவசாயி

தம்பி, உங்கள் சிக்கல் நிறத்தைவிடப் பருவத்தில்தான் அதிகம் இருக்கிறது. ஆனியில் பூத்தால் மாசி, பங்குனியில் முதிரும். வெயில் ஏறும் நேரத்தில் பழம் மரத்தில் நிற்கிறது. அப்போது ஒரு வாரம் தள்ளினாலும் புளிப்பு ஓடிவிடும். தை, மாசியில் பூக்க வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் முதிரும். மழையும் மேகமும் சேர்ந்து சூடு தணிந்திருக்கும். மலை நிறம் வராது, ஆனால் சுவை இப்படிச் சப்பென்று போகாது. பறிப்பதற்கும் சில வாரம் அவகாசம் கிடைக்கும். நாக்பூர்க்காரர்கள் இரண்டு பூப்பையும் வைத்திருக்கிறார்கள்: ஜனவரி, பிப்ரவரியில் பூப்பது அம்பியா, ஜூன், ஜூலையில் பூப்பது மிருக். நீர் நிறுத்தி, இலை லேசாக வாடியதும் மறுபடி நீர் விட்டுப் பூக்க வைப்பார்கள்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தை, மாசியில் பூத்தால் பிஞ்சு நிற்பது பங்குனி, சித்திரை வெயிலில். 38, 40 டிகிரி அடிக்கும்போது தண்ணீர் தடைப்பட்டால் பிஞ்சு கொட்டிவிடும். கோடையில் உங்கள் கிணறு வற்றும் என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். ஆனிப் பூப்பையே வைத்துக்கொண்டு சீக்கிரம் பறிப்பது மேல்.

தீய்ந்த பழத்துக்கு: வெயில் நேராகப் படும் பழத்தின் தோல், காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேலும் சூடாகும். மேற்கு ஓரக் கிளைகளை இப்போது கவாத்து செய்ய வேண்டாம், இலைதான் குடை. அந்த ஓரத்தில் அகத்தி வையுங்கள், தண்டுக்குச் சுண்ணாம்பு பூசுங்கள், அடியில் தென்னை மட்டையால் மூடாக்குப் போடுங்கள். காய் முதிரும் காலத்தில் யூரியாவைத் தொடாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் இருக்கிற கொஞ்ச மஞ்சளும் மறுபடி பச்சையாகத் திரும்பும்.

வத்தலக்குண்டுத் தோட்டம்

கிணறு சித்திரையில் பாதிக்கு இறங்கிவிடும் ஐயா. தென்னைக்கே அப்போது இழுபறிதான். ஆனிப் பூப்பையே வைத்துக்கொள்கிறேன். நிறத்தை நம்ப முடியாது என்றால், பறிக்கும் நாளை எப்படி முடிவு செய்வது?

தோட்டக்கலை மாணவி

ஜனவரி நடுவிலிருந்து வாரம் ஒருமுறை, வெவ்வேறு மரங்களில், வெயில் பக்கமும் நிழல் பக்கமுமாகச் சில பழங்களைப் பறித்துச் சாறு பிழியுங்கள். பிரிக்ஸ் மீட்டர் இருந்தால் நல்லது, ஆனால் அது சர்க்கரைப் பக்கத்தைத்தான் காட்டும். உங்கள் ஊர்ப் பழத்தில் ஓடிப்போவது புளிப்பு. அதை நாக்கே சொல்லும்: சாறு நிறைந்து, இனிப்புக்குப் பின்னால் புளிப்பு இன்னும் தெரிகிற வாரத்தில் பறித்துவிடுங்கள். புளிப்பு மறையும்வரை விடாதீர்கள்.

பழமண்டி

பறிக்கும்போது இழுத்துப் பிடுங்க வேண்டாம் அண்ணா. கமலாவுக்குத் தோல் இளக்கம். காம்படியில் கிழிந்து அங்கிருந்தே அழுகும். கத்தரியால் காம்பை ஒட்ட வெட்டுங்கள். பனியோ மழை ஈரமோ காய்ந்தபின் வெட்டுங்கள். முதல் சுமையில் ஒரு பெட்டி எனக்கு அனுப்புங்கள். நாலு பழத்தை அறுத்துத் தட்டில் வைத்துக் கடைக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன். விலை அப்புறம் பேசிக்கொள்வோம்.