"மைனஸ் 18க்குக் கீழே" என்றால் எந்தப் பக்கம்?

தூத்துக்குடி அண்ணன்:
இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கோல்ட் ஸ்டோரேஜ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்டர் மெயிலில் வெப்பநிலை 'மைனஸ் 18 ஆர் பிலோ' என்றுதான் வரும். ஒரு நைட் ஷிஃப்டில் ரீஃபர் கன்டெய்னர் (குளிரூட்டும் சரக்குப் பெட்டி) டிஸ்ப்ளேயில் மைனஸ் 15 ஓடுகிறது. செட் பண்ணிய தம்பியைக் கேட்டேன். "பிலோன்னுதானேண்ணே போட்டிருக்காங்க? பதினெட்டை விடப் பதினஞ்சு கம்மிதானே?" டிஸ்ப்ளேயை விரலால் தட்டிக் காட்டிச் சொன்னான், அத்தனை உறுதியாக. எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கணக்கு டீச்சர்:
இதில் ஆங்கிலத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிலோ என்றால் கீழே என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மைனஸ் பக்கம் எண் ஏற ஏற மதிப்பு இறங்கும் என்பதுதான் மனதில் பதியவில்லை. என் ஏழாம் வகுப்பிலும் வருடா வருடம் இதே இடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

மருந்துக்கடைக்காரி:
எங்கள் கடையில் நடந்ததில் மைனஸே கிடையாது டீச்சர். மாத்திரை அட்டையில் 'ஸ்டோர் பிலோ 25' என்று பார்த்த ஒரு பெரியவர், குளிர் கூடக்கூட நல்லது என்று இன்சுலினை ஃப்ரீசரில் வைத்துவிட்டார். உறைந்த குப்பியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "உருகினா போட்டுக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

போடக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். 'பிலோ 25' என்பது மேல் எல்லையை மட்டும் சொல்கிறது. இன்சுலின் பெட்டியில் இருப்பது போல '2 டு 8' என்றால் அடியிலும் ஓர் எல்லை உண்டு, 2க்குக் கீழே இறங்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டியோ பின்சுவரில் படும்படியோ வைக்காதீர்கள், நடுத்தட்டே போதும். பயணத்தில் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றுங்கள், குப்பியில் நேரே படக் கூடாது. திறந்த குப்பி வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பது உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும், படித்துவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்றால் வாரம் ஒருமுறை நீங்களே ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள்.

தூத்துக்குடி அண்ணன்:
டீச்சர், கணக்கு என்று சொல்லி முடித்துவிட முடியாது. சொல்லும் விதத்திலும் இருக்கிறது. உறைய வைத்த இறாலுக்கான கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தரம்) தரவிதியில், இறாலின் நடுப்பகுதி 'மைனஸ் 18 ஆர் கோல்டர்' ஆக வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறார்கள். பிலோவும் இல்லை, லெஸ்ஸும் இல்லை. குளிர் எந்தப் பக்கம் என்று எவருக்கும் தெரியும். அப்புறம் நாங்களும் 'மைனஸ் 18, அல்லது அதைவிடக் குளிராக' என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டோம். ஒட்டியது அந்தத் தம்பிதான்.